பழவேற்காட்டுத் தண்ணியும் சவர நுரையும்

பழவேற்காடு பத்தி எழுதறவங்க பெரும்பாலும் டச்சுக்காரன் கல்லறை, பூநாரை, இறால் தொக்கு இந்த மூணோட முடிச்சுக்கறாங்க. சென்னையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர்தான். ஞாயித்துக்கிழமை காலையில காரை எடுத்தா, ஏரியையும் கோட்டை இருந்த இடத்தையும் பார்த்துட்டு, மீன் வாங்கிட்டு சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம். அப்படி வர்றவங்க யாரும் கேக்காத ஒரு விஷயத்தைப் பத்தி எழுதறேன். அது தண்ணி. இன்னும் குறிப்பாச் சொன்னா, அந்தத் தண்ணியில சவரத்துக்கு நுரை வருமா வராதாங்கறது.

சிரிக்காதீங்க. ஒரு ஊர்த் தண்ணியோட சரித்திரத்தைத் தெரிஞ்சுக்க சவரக் கிண்ணத்தைவிட நல்ல சாட்சி கிடைக்காது. ஏன்னு பின்னால சொல்றேன்.

எனக்கு நிலம் பொன்னேரிக்குக் கிழக்கே. நெல்லும் வேர்க்கடலையும் போடறேன். மீன் வாங்கவும், படகுக்காரச் சிநேகிதங்களைப் பார்க்கவும் பழவேற்காட்டுக்கு அடிக்கடி போய் வர்ற ஆள். அங்க இருக்கற குப்பங்களுக்கு ஒரு பக்கம் வங்கக் கடல், இன்னொரு பக்கம் ஏரி. ஒடிசாவில இருக்கற சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவிலேயே பெரிய உப்பங்கழி இதுதான். எங்க பார்த்தாலும் தண்ணி. ஆனா ஒரு சலூனுக்குள்ள போய்ப் பாருங்க. பின்பக்கம் டிரம்முல போர் தண்ணி இருக்கும். கண்ணாடிக்குக் கீழ ஒரு சின்னப் பாத்திரத்தில குடிக்கிற தண்ணி தனியா இருக்கும். கை கழுவ, துணி அலச டிரம் தண்ணி. பிரஷ்ஷை நனைக்க மட்டும் இந்தத் தண்ணி. "முடி வெட்ட எந்தத் தண்ணியும் போதும்ணே, நுரைக்கு மட்டும் நல்ல தண்ணி கேக்கும்" என்று அங்க ஒரு தம்பி சொன்னார். இந்தப் பதிவு மொத்தமும் அந்த ஒரு வரிக்கு விளக்கம்தான்.

சோப்புங்கறது கொழுப்பும் காரமும் சேர்ந்தது. தண்ணியில சுண்ணாம்புச் சத்தும் மெக்னீசியமும் கரைஞ்சிருந்தா, அதுங்க சோப்பில இருக்கற கொழுப்பைப் பிடிச்சுக்கும். பிடிச்ச உடனே பால் திரிஞ்ச மாதிரி வெள்ளையா ஒரு பிசுக்கு ஆயிடும். பக்கெட் ஓரத்தில வளையமா ஒட்டுது பாருங்க, அதுதான். தண்ணியில இருக்கற சுண்ணாம்பு முழுக்க இப்படித் திரிஞ்சு முடிஞ்ச பிறகுதான் மிச்சம் இருக்கற சோப்பு நுரைக்கும். இதைத்தான் படிச்சவங்க கடின நீர்னு சொல்றாங்க. எங்க ஊர்ல சவுட்டுத் தண்ணி, சோப்பு பிடிக்காத தண்ணின்னு சொல்வோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். குடிதண்ணிக்கு இந்தியத் தர நிர்ணயம் சொல்ற கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேற வழி இல்லன்னா 600 வரைக்கும் பொறுத்துக்கலாம். லிட்டருக்கு 300 மில்லிகிராம் இருக்கற தண்ணின்னா, ஒவ்வொரு லிட்டரும் கிட்டத்தட்ட 2 கிராம் சோப்பை முதல்ல சாப்பிட்டுடும். துணி துவைக்க 15 லிட்டர் பக்கெட்டுன்னா கால் கட்டி சோப்பு அப்படியே வீண். சவரத்துக்கு அவ்வளவு தண்ணி தேவையில்லை, 50 மில்லி போதும். அதனால சுமாரான கடினத்தண்ணியில சோப்பைக் கொஞ்சம் கூடத் தேய்ச்சுச் சமாளிச்சுடலாம். கடல் தண்ணி அப்படி இல்லை. அதோட கடினத்தன்மை லிட்டருக்கு 6,500 மில்லிகிராம் கிட்ட வரும். 50 மில்லி கடல் தண்ணி 2 கிராம் சோப்பைத் தின்னுடும். ஒரு சவரத்துக்குத் தேய்க்கற சோப்பே அவ்வளவு இருக்காது. அப்புறம் நுரை எங்கிருந்து வரும்? வந்தாலும் முகத்தில நிக்காது, காஞ்சு தோலை இழுக்கும், கத்தி கடிக்கும்.

இப்போ சரித்திரத்துக்கு வர்றேன்.

சோப்பு வராத காலத்தில நம்ம ஊர்ல யாரும் இதைப் பத்திக் கவலைப்படல. ஊர்ச் சவரத் தொழிலாளி ஒரு கிண்ணத்தில தண்ணி வச்சுக்குவார். கையால முகத்தைத் தேய்ச்சுத் தேய்ச்சு நனைச்சு, முடி ஊறினதும் கத்தியை வைப்பார். தோல் வார்ல தீட்டின கத்தி. வேலை முடிஞ்சா படிகாரம். கூலி அறுவடையில நெல்லா வந்து சேரும். மீன்காரக் குப்பமா இருந்தா மீனா வரும். என் அப்பா காலம் வரைக்கும் இதை நான் பார்த்திருக்கேன். வெறும் தண்ணிச் சவரத்துக்குச் சுண்ணாம்பு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? ஊற வைக்கற கைதான் முக்கியம்.

தலைக்குச் சீயக்காய், பட்டுத் துணிக்குப் பூந்திக்கொட்டை. இந்த ரெண்டிலயும் வர்ற நுரை கொழுப்பில பண்ண நுரை இல்லை. அதனால சுண்ணாம்போட சண்டை போடாது. உவர்த் தண்ணியிலயும் நுரைக்கும். வெளுக்கறவங்க பயன்படுத்தின உவர்மண் இன்னும் ஒரு படி மேல. அதில சோடா உப்பு இருக்கு. அது தண்ணியில இருக்கற சுண்ணாம்பை அடியில படிய வச்சுடும். அதாவது வெள்ளாவி வைக்கும்போதே தண்ணியையும் மென்மையாக்கி இருக்காங்க. பேர் வைக்காமலே செஞ்ச வேதியியல்.

டச்சுக்காரங்க பழவேற்காட்டுக்கு வந்தது 1600-களின் தொடக்கத்தில. விஜயநகர அரசரோட அனுமதி வாங்கி, 1610-ல் வியாபாரத்தைத் தொடங்கி, 1613-ல் கோட்டை கட்டினாங்க. கெல்ட்ரியா கோட்டைன்னு பேர். 1690-ல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாத்தற வரைக்கும், சோழமண்டலக் கரை முழுக்க அவங்களுக்கு இதுதான் தலைநகரம். கடைசியா 1825-ல் இங்கிலீஷ்காரன் கைக்குப் போச்சு. அந்தக் காலத்து ஐரோப்பியக் கப்பல்ல வைத்தியர்னு வர்றவருக்குச் சவரம் செய்யறதும் வேலைதான். கையில கத்தி பிடிச்சவர் முடியும் மழிப்பார், கட்டியும் கீறுவார். நம்ம பக்கத்திலயும் இதே தொழில் செஞ்ச சமூகத்துக்கு மருத்துவர்னு பேர் இருக்கறதை யோசிச்சுப் பாருங்க. அவங்க வைத்தியமும் பார்த்தாங்க, பிரசவமும் பார்த்தாங்க. இரண்டு கரையிலயும் ஒரே தொழில், ஒரே கத்தி.

டச்சுக்காரங்க ஊரும் பழவேற்காடு மாதிரிதான். கடலோரம், மணல் மேடு, கால் வச்சா தண்ணி. கடலுக்குப் பக்கத்திலேயே மணலைத் தோண்டினா எப்படி நல்ல தண்ணி வருதுங்கற கேள்வி அங்கயும் இருந்தது. அதுக்குக் கணக்கு சொன்னவர்ல ஒருத்தர் பாடோன் கைபென் என்கிற டச்சு ராணுவப் பொறியாளர். 1880-களின் கடைசியில எழுதினார். 1901-ல் ஹெர்ட்ஸ்பெர்க் என்கிற ஜெர்மன்காரர் தனியா அதே கணக்குக்கு வந்து சேர்ந்தார். மழைத்தண்ணி லேசு, உப்புத்தண்ணி கொஞ்சம் கனம். அதனால மணலுக்கு அடியில மழைத்தண்ணி உப்புத்தண்ணி மேல மிதக்கும். கடல் மட்டத்துக்கு மேல நல்ல தண்ணி ஒரு அடி நின்னா, கீழ சுமார் 40 அடி வரைக்கும் நல்ல தண்ணி இருக்கும். இதைத் திருப்பிப் படிங்க. மேல ஒரு அடி இறங்கினா, கீழேயிருந்து உப்பு 40 அடி ஏறி வரும். இந்த ஒண்ணுக்கு நாப்பது கணக்கை ஞாபகம் வச்சுக்குங்க. இதில்தான் எங்க பக்கத்துக் கதையே இருக்கு.

குப்பத்துப் பெண்களுக்கு இந்தக் கணக்கு யாரும் சொல்லித் தரல. ஆனா ஊத்து தோண்டற விதத்தைப் பார்த்தா தெரிஞ்சு வச்சிருந்தாங்கன்னு புரியும். மணல் மேட்டுல ரெண்டு மூணு அடிக்கு மேல தோண்ட மாட்டாங்க. ஊறி வர்ற வரைக்கும் காத்திருந்து, கொட்டாங்கச்சியால மேலாப்புல மொண்டு குடத்தில ஊத்துவாங்க. அவசரப்பட்டு ஆழமாத் தோண்டினாலும், வேகமா இறைச்சாலும் உப்பு மேல வந்துடும். பொறுமையா மொண்டா நாள் முழுக்க நல்ல தண்ணி.

அந்த ஊத்துத் தண்ணி குடிக்க இனிப்பா இருக்கும். ஆனா சோப்புக்கு? கொஞ்சம் கடினம்தான். காரணம் கிளிஞ்சல். பழவேற்காடு ஏரிக்கு அடியில பழங்காலத்துச் சிப்பி ஓடு படுகை படுகையா இருக்கு. அதை எடுத்துச் சுட்டுச் சுண்ணாம்பு பண்றது பழைய தொழில். சென்னைப் பக்கம் பழைய கட்டடங்கள்ல கண்ணாடி மாதிரி மின்னுற சுவரைப் பார்த்திருப்பீங்க. அது கிளிஞ்சல் சுண்ணாம்பில இழைச்ச பூச்சு. மழைத்தண்ணி அந்தக் கிளிஞ்சல் மணலுக்குள்ள இறங்கும்போது கொஞ்சம் சுண்ணாம்பைக் கரைச்சுக்கும். இந்த வகைக் கடினம் தற்காலிகமானது. தண்ணியைக் கொதிக்க வச்சா சுண்ணாம்பு பாத்திரத்தில வெள்ளையா படிஞ்சுடும், தண்ணி மென்மையாயிடும். சவரத்துக்கு வெந்நீர் போடறது முடியை ஊற வைக்க மட்டும்னு நினைக்கறோம். நல்லாக் கொதிச்சு ஆறின தண்ணியா இருந்தா நுரைக்கும் அது உதவும்.

கடல்ல இருந்து வர்ற கடினம் வேற. அது மெக்னீசியம், குளோரைடு வகை. எவ்வளவு கொதிக்க வச்சாலும் போகாது. ஆக ஒரு கிண்ணத்துத் தண்ணி ரெண்டு சேதி சொல்லும். காய்ச்சினா நுரை வந்துச்சுன்னா பெரும்பாலும் கிளிஞ்சல் வேலை. காய்ச்சியும் வரலன்னா, எங்க பக்கத்தில கடல் மேல சந்தேகப்படணும்.

நுரையை வச்சுத் தண்ணியை அளக்கறது எங்க ஊர்க் கைவைத்தியம் மட்டும் இல்லீங்க. விஞ்ஞானமே அப்படித்தான் ஆரம்பிச்சது. ஸ்காட்லாந்தில அபர்தீன் ஊர்ல தாமஸ் கிளார்க்குன்னு ஒரு வேதியியல் பேராசிரியர். தண்ணியில சுண்ணாம்பைச் சேர்த்தே சுண்ணாம்பை எடுக்கற முறைக்கு 1841-ல் காப்புரிமை வாங்கினார். முள்ளை முள்ளால எடுக்கற கதை. தண்ணியை அளக்கவும் அவர் ஒரு வழி சொன்னார். பாட்டில்ல தண்ணியை எடுத்து, அளந்து அளந்து சோப்புக் கரைசலை ஊத்திக் குலுக்கணும். நுரை 5 நிமிஷம் கலையாம நின்னா நிறுத்தணும். எவ்வளவு சோப்பு செலவாச்சோ அவ்வளவு கடினம். அவர் பேராலேயே கிளார்க் டிகிரின்னு அளவு வந்தது. 1940-களில் ஷ்வார்ஸன்பாக்னு ஒரு சுவிட்சர்லாந்து வேதியியலாளர் வேற ரசாயன முறையைக் கொண்டு வர்ற வரைக்கும், ஆய்வுக்கூடங்கள்ல தண்ணியோட குணத்தை நுரைதான் சொல்லிச்சு. சலூன் தம்பி பண்றதும் கிளார்க் பண்ணதும் ஒரே சோதனைதான். ஒருத்தர் எழுதி வச்சார், இவர் கையிலேயே வச்சிருக்கார்.

சோப்புக் கட்டி பெட்டி பெட்டியா இந்தியாவுக்கு வர ஆரம்பிச்சது 1880-களில. 1888-ல் சன்லைட் சோப்பு கல்கத்தாத் துறைமுகத்தில இறங்கினதை அந்தக் கம்பெனியோட சரித்திரத்தில பெருமையாச் சொல்வாங்க. நம்ம மாகாணத்தில சோப்புக்கும் மீனுக்கும் ஒரு விசித்திரமான தொடர்பு உண்டு. 1907-ல் உருவான சென்னை மாகாண மீன்வளத் துறைக்கு வழிகாட்டினவர் சர் பிரடெரிக் நிக்கல்சன். விவசாயிக்குக் கூட்டுறவுக் கடன் சங்கம் வேணும்னு 1890-களில் அறிக்கை எழுதினவரும் அவர்தான். மீன் எண்ணெயை என்ன பண்ணலாம்னு யோசிச்சு மலபார் கரையில சோப்புக் காய்ச்சிப் பார்த்தாங்க. அந்த வழியிலதான் 1914-ல் கோழிக்கோட்டில கேரளா சோப் இன்ஸ்டிட்யூட் வந்தது. மீன் எண்ணெய் சோப்பை இன்னைக்கும் எங்களை மாதிரி விவசாயிங்க அசுவினிக்கும் மாவுப்பூச்சிக்கும் கரைச்சு அடிக்கறோம். அதுலயும் இதே கதை. உவர்த் தண்ணியில கரைச்சா திரிஞ்சு போயி ஸ்பிரேயர் மூக்கை அடைச்சுடும். மழைத்தண்ணியில கரைச்சா இலையில பரவி நிக்கும்.

தேங்காய் எண்ணெய் சோப்புக்கு மட்டும் ஒரு தனிக் குணம். அது உப்புத்தண்ணியிலயும் ஓரளவு நுரைக்கும். அதனால கப்பல் மாலுமிகளுக்குன்னே தேங்காய் எண்ணெயில சோப்பு பண்ணி வித்தாங்க. முகச்சவர சோப்பு அப்படி இல்லை. நுரை கெட்டியா நிக்கணும்னு அதில கனமான கொழுப்பு அதிகம் சேர்ப்பாங்க. அந்தக் கொழுப்புதான் சுண்ணாம்பைக் கண்டா உடனே திரியறது. அதனாலதான் கை கழுவற சோப்பு நுரைக்கற தண்ணியில கூட சவர சோப்பு சில சமயம் மக்கர் பண்ணுது.

இதுவரைக்கும் சொன்னது கடற்கரைக் கதை. ஆனா உப்பு கடற்கரையோட நிக்கல.

ஆரணி ஆறு ஆந்திரா மலையில பிறந்து, எங்க பொன்னேரி வழியா ஓடி பழவேற்காடு ஏரியில சேருது. அதுக்குத் தெற்கே கொற்றலை ஆறு எண்ணூர்ப் பக்கம் போகுது. இந்த ரெண்டு ஆறும் ஆயிரக்கணக்கான வருஷமா கொண்டு வந்து போட்ட மணலுக்கு அடியில நல்ல தண்ணி நெறைய இருந்தது. 1960-களில் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தோட உதவியில இந்தப் படுகையை ஆராய்ச்சி பண்ணாங்க. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பக்கங்கள்ல வரிசையா ஆழ்துளைக் கிணறு போட்டு, சென்னைக்கும் மணலிப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கும் தண்ணி எடுத்தாங்க. சென்னையில இருக்கற நீங்களோ உங்க அப்பா அம்மாவோ குடிச்ச தண்ணியில ஒரு பங்கு எங்க மண்ணுக்கு அடியில இருந்து வந்தது. அதைக் குத்தமாச் சொல்லல. ஊர் வளர்ந்தா தண்ணி வேணும்.

ஆனா ஒண்ணுக்கு நாப்பது கணக்கு யாருக்காகவும் நிக்காதே. 1969-லேயே மீஞ்சூர்ப் பக்கம் உப்பு கடற்கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் உள்ள வந்திருந்தது. 1983-ல் சுமார் 9 கிலோமீட்டர். அதுக்கப்புறம் அதையும் தாண்டிப் போச்சு. 1987-ல் சென்னைப் பெருநகரப் பகுதிக்கு நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் வந்ததுக்கு இந்த நிலைமையும் ஒரு காரணம். 2000-க்குப் பிறகு வறட்சி வந்த வருஷங்கள்ல, குடிநீருக்காக எங்க பக்கத்து விவசாயிங்க கிணத்துத் தண்ணியையே விலைக்கு வாங்கினாங்க. ஒரு போகம் நெல் போட்டா கிடைக்கற காசைவிட மோட்டாரைப் போட்டுவிட்டா வர்ற காசு அதிகம். விக்காம இருந்தவன் கிணறும் சேர்ந்துதான் இறங்கிச்சு. பூமிக்குள்ள வரப்பு கிடையாதே. நான் வித்தவங்களைத் திட்ட மாட்டேன். மகள் கல்யாணத்துக்கும் பையன் காலேஜுக்கும் அந்தக் காசு உதவின வீடுகள் எனக்குத் தெரியும்.

இப்போ நுரை ஏன் நல்ல சாட்சின்னு சொல்றேன். கடல் தண்ணி நிலத்துக்கு அடியில நகர்ந்து வரும்போது, முதல்ல வந்து சேர்றது உப்புக் கரிப்பு இல்லை, கடினம். களிமண் துகள்கள் சுண்ணாம்பைப் பிடிச்சு வச்சிருக்கும். உப்புத்தண்ணி வந்து படும்போது மண்ணு உப்போட சோடியத்தைப் பிடிச்சுக்கிட்டு, தன்கிட்ட இருந்த சுண்ணாம்பைத் தண்ணிக்குள்ள விட்டுடும். களர் நிலத்துக்கு நாங்க ஜிப்சம் போடறோமே, அதுக்கு நேர் எதிர். ஜிப்சத்துல இருக்கற சுண்ணாம்புச் சத்து மண்ணுக்குள்ள போயி சோடியத்தை வெளியே தள்ளும். இங்க சோடியம் உள்ள போயி சுண்ணாம்பு வெளியே வருது. உங்க அபார்ட்மெண்ட்ல தண்ணியை மென்மையாக்கற தொட்டிக்கு மாசாமாசம் உப்பு மூட்டை கொட்டறாங்க இல்லையா, அதே வேலைதான். அந்த உப்பு, தொட்டிக்குள்ள இருக்கற குருணை பிடிச்சு வச்ச சுண்ணாம்பைக் கழுவி வெளியே தள்ளுது. கடல் எங்க நிலத்துக்கு அடியில அதே உப்பு மூட்டையைக் கொட்டிட்டு இருக்கு. வெளியே வர்ற சுண்ணாம்புத் தண்ணி எங்க கிணத்துக்கு வருது.

அதனால நாக்கு உப்புன்னு சொல்றதுக்கு முன்னாடியே, நாத்து கருகறதுக்கு முன்னாடியே, நுரை குறைய ஆரம்பிச்சுடும். எங்க வீட்டில இப்படித்தான் நடந்தது. முதல்ல துணி சோப்பு சீக்கிரம் கரையுதுன்னு வீட்டில சொன்னாங்க. அடுத்து பருப்பு வேக நேரம் ஆச்சு. அப்புறம் எனக்குச் சவரத்துக்கு நுரை உடைஞ்சது, காய்ச்சின தண்ணியிலயும் உடைஞ்சது. இதெல்லாம் வந்து நாலஞ்சு வருஷம் கழிச்சுத்தான் கோடைத் தண்ணி நாக்கில லேசாக் கரிச்சது. மண் பரிசோதனைக்குக் கொடுத்த இடத்தில தண்ணியையும் பார்த்து, உவர் ஏறுதுன்னு சொன்னாங்க. கிழக்குக் கொல்லையில இப்போ உப்புத் தாங்கற நெல் ரகம்தான் போடறேன்.

குப்பங்கள் பக்கம் 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்து, மணல் மேட்டு ஊத்துக்குள்ளேயே கடல் புகுந்தது. மேல இருந்து வந்த உப்பை அடுத்தடுத்த மழை கழுவி விடும். கீழ இருந்து ஏறி வர்ற உப்பை அப்படிச் சுலபமாக் கழுவ முடியாது. இன்னைக்குக் குப்பத்து வீடுகள்ல குழாய்த் தண்ணி ஒரு பக்கம், கேன் தண்ணி ஒரு பக்கம். மீன் பிடிச்சுச் சம்பாதிச்ச காசில ஒரு பங்கு தண்ணிக்கே போகுது. பழவேற்காட்டுக்குத் தெற்கே காட்டுப்பள்ளியில, கடல் தண்ணியைக் குடிதண்ணி ஆக்கற ஆலை 2010-ல் வந்தது. ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர், சென்னைக்குன்னு கட்டினது. கடல் தண்ணியைச் சுத்திகரிச்சா அது மழைத்தண்ணி மாதிரி மென்மையா வரும்னு சொல்லலாம். அப்படியே விட்டா குழாயை அரிச்சுடும்னு, இந்த மாதிரி ஆலைகள்ல கடைசியாக் கொஞ்சம் சுண்ணாம்புச் சத்தைச் சேர்த்து அனுப்புவாங்க. மண்ணும் கிளிஞ்சலும் இலவசமாப் பண்ணிட்டு இருந்த வேலையை இப்போ கரண்ட் செலவு பண்ணிச் செய்யறோம்.

படிக்கற உங்களுக்கு உபயோகமா ரெண்டு விஷயம். சவரத்துக்கு மட்டும்னா வழி சுலபம். ஒரு டம்ளர் குடிதண்ணியோ மழைத்தண்ணியோ எடுத்துக்குங்க. பிரஷ்ஷை நல்லா உதறிட்டு, முதல்ல சோப்பை அதிகமா ஏத்திக்குங்க, அப்புறம் சொட்டுச் சொட்டாத் தண்ணி சேருங்க. தேத்தாங்கொட்டையும் படிகாரமும் கலங்கலைத் தெளிய வைக்கும், கடினத்தை எடுக்காது. ரெண்டும் வேற வேற.

இன்னொண்ணு, உங்க வீட்டு போர் தண்ணியை நுரையால அளந்து பாருங்க. ஒரே மாதிரி மூணு பாட்டில். ஒண்ணில மழைத்தண்ணி, ஒண்ணில போர் தண்ணி, ஒண்ணில காய்ச்சி ஆற வச்சு வடிச்ச போர் தண்ணி. எல்லாத்திலயும் பாதி பாட்டில் தண்ணி, ஒரே அளவு துருவின சாதா சோப்பு. துணி பவுடரும் ஷாம்பும் வேண்டாம், அதுங்க கடினத்தண்ணியிலயும் நுரைச்சு ஏமாத்திடும். குலுக்கி வச்சுட்டு 5 நிமிஷம் கழிச்சுப் பாருங்க. வருஷத்துக்கு ரெண்டு தடவை, சித்திரையில ஒண்ணு, தையில ஒண்ணு. காலண்டர் பின்னால எழுதி வைங்க. திருவான்மியூரோ, பெசன்ட் நகரோ, ஈஞ்சம்பாக்கமோ, கடலோரம் இருக்கறவங்க கட்டாயம் செய்யுங்க. காய்ச்சின தண்ணியும் வருஷத்துக்கு வருஷம் நுரை குறைஞ்சுட்டே போச்சுன்னா, ஒரு ஆய்வுக்கூடத்தில கொடுத்துப் பாருங்க. குடியிருப்புச் சங்கத்தில பேச வேண்டிய நேரம் வந்துடுச்சுன்னு அர்த்தம். அப்போ போரை இன்னும் ஆழமாப் போடலாம்னு யாராவது சொன்னா, ஒண்ணுக்கு நாப்பது கணக்கைச் சொல்லுங்க.

எங்க பக்கத்துக்கு வேண்டியதும் அதே கணக்குதான். ஆத்து மணலும் கடலோர மணல் மேடும் அப்படியே இருக்கணும். ஆரணி ஆத்துல மழைக்காலத்தில ஓடற தண்ணி கொஞ்சம் நின்னு இறங்கிப் போகணும். மேல ஒரு அடி தண்ணி ஏறினா, கீழ நாப்பது அடிக்கு உப்பு பின்வாங்கும். அது ஒரு வருஷத்தில நடக்காது, என் பேரன் காலம் வரைக்கும் ஆகலாம். ஆனா நடக்க ஆரம்பிச்சா, நாக்கும் பயிரும் சொல்றதுக்கு முன்னாடி சவரக் கிண்ணத்தில தெரியும். அதனால வருஷத்துக்கு ரெண்டு தடவை நான் பாட்டிலைக் குலுக்கி எழுதி வச்சுட்டு வர்றேன். போன தையில போர் தண்ணி நுரை ரெண்டு நிமிஷம் நின்னது.